முதுமையில் நெஞ்சைப் பேணுதல்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்புக்கூட்டினுள் ஓயாது துடிக்கும் தசைப் பையையும் அது குறிக்கும். துயரத்தில் கனத்து, மகிழ்ச்சியில் நெகிழும் உள்ளத்தையும் அது குறிக்கும். இந்தியில் வழங்கும் ‘தில்’ என்னும் சொல்லும் அத்தகையதே. 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர், இருதயம் இரத்தத்தை உடலெங்கும் சுற்றிவரச் செய்யும் ஓர் உறுப்பு என்பதைச் சோதனைகளால் நிறுவினார். நாளடைவில் இருதயம் வைத்தியரிடமும், உள்ளம் கவிஞரிடமும் சமயச் சான்றோரிடமும் ஒப்படைக்கப்பட்டன. இப்பிரிவினையால் விஞ்ஞானம் அடைந்த நன்மை பெரிது. எனினும், வயது முதிர்ந்தோரைப் பேணும் முறையில் அதுவே இன்று ஒரு குறையாக நிற்கிறது. முதியோரின் இருதயத்தை ஓரிடத்திலும் உள்ளத்தை வேறோரிடத்திலும் கவனிப்பது போதாது. இரண்டையும் ஒருங்கே கவனிப்பதே தக்கது. இதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் கிடைத்துள்ளன.

எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவரைக் கருதிப் பார்க்கலாம். மாதந்தோறும் அவர் சுகாதார நிலையத்திற்கு வருகிறார். வரிசையில் காத்து நிற்கிறார். இரத்த அழுத்தம் 160 என்று கருவி காட்டுகிறது. முப்பது நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அடுத்த மாதமும் அதே எண். மாத்திரையின் அளவு கூட்டப்படுகிறது. அவருடைய மனைவி சில மாதங்களுக்கு முன் காலமானார் என்பதும், வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்து வந்தவர் அவ்வம்மையாரே என்பதும், இப்பொழுது அவர் பின்னிரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை உறக்கமின்றிக் கிடக்கிறார் என்பதும், சோறும் ஊறுகாயுமே அவருக்கு இரு வேளை உணவு என்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கருவி காட்டிய எண் பிழையன்று. அந்த எண்ணின் காரணம்தான் கருவிக்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே இந்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களுள் இம்முதியவரின் நிலையில் இருப்போர் நாட்டின் எம்மூலையிலும் காணத்தக்கவர்.

மூப்படையும் இருதயம்

ஓய்வாக இருக்கும் மனிதரின் இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளில் இது ஏறக்குறைய 1 லட்சம் துடிப்பாகிறது. நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியே தள்ளுகிறது. இளமையில் பெருந்தமனி நெகிழ்ச்சி உடையது. இருதயம் சுருங்கும்போது அது விரிந்து இரத்தத்தின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. இருதயம் தளரும்போது அது மீண்டு இரத்தத்தை முன்னே செலுத்துகிறது. வயது ஏற ஏற, தமனிச் சுவரில் உள்ள நெகிழ்ச்சி இழைகள் தேய்கின்றன. விறைப்பான நார்கள் மிகுகின்றன. சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. ஆகவே இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயருகிறது. விறைத்த குழாயை எதிர்த்து வேலை செய்யும் இருதயத் தசை தடிக்கிறது. தடித்த தசை எளிதில் தளர்வதில்லை. மாடி ஏறும்போது முதியவருக்கு மூச்சிரைப்பது பல சமயங்களில் இதனாலேயே.

‘வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே முறையான இரத்த அழுத்தம்’ என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவியிருந்தது. எண்பது வயதினருக்கு 180 இருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை என்று அதனால் கருதப்பட்டது. இதனைத் தெளிவாக மறுத்தது 2008ஆம் ஆண்டில் வெளியான ‘ஹைவெட்’ என்னும் ஆராய்ச்சி. எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேர் அதில் பங்கு கொண்டனர். மாத்திரையால் அழுத்தத்தைக் குறைத்தபோது இருதயச் செயலிழப்பு 64 விழுக்காடும், எக்காரணத்தாலேனும் நேரும் மரணம் 21 விழுக்காடும் குறைந்தன. முதுமை என்பது மருந்தைக் கைவிடுவதற்குரிய காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

துயரம் இருதயத்தைத் தாக்கும் விதம்

மனக்கொதிப்பு இருதயத்தைத் தாக்கும் என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே கண்டிருக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் புகழ்பெற்ற ரண வைத்தியராக விளங்கிய ஜான் ஹண்டர் நெஞ்சு வலியால் அவதியுற்றவர். தம்மைச் சினமூட்டத் துணியும் எவர் கையிலும் தம் உயிர் இருப்பதாக அவர் சொல்லி வந்தார். 1793ஆம் ஆண்டில் தாம் பணிபுரிந்த ஆஸ்பத்திரியின் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஏற்பட்ட வாக்குவாதத்திற்குப் பின் அவர் உயிர் நீத்தார்.

தனி மனிதர் வரலாறு சான்றாகாது எனலாம். 1969ஆம் ஆண்டில் பிரிட்டனில் காலின் மர்ரே பார்க்ஸும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட கணக்கு அவ்வையத்தைப் போக்கியது. மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆடவரை அவர்கள் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். துணையை இழந்த முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்தனர். அதே வயதுடைய மணமானவரிடையே எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட இது 40 விழுக்காடு மிகுதி. அம்மிகுதியில் இருதய நோய்களின் பங்கே பெரிதாயிருந்தது.

1990ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு விந்தையான நோயை விவரித்தனர். கடுந்துயரமோ பேரதிர்ச்சியோ நேர்ந்தவுடன் மாரடைப்பைப் போலவே நெஞ்சு வலி தோன்றும். ஆனால் இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இராது. இருதயத்தின் இடது கீழறை நுனியில் உப்பி, வாய் குறுகிய குடம் போலக் காணப்படும். ஜப்பானிய மீனவர் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும் ‘தகோட்சுபோ’ என்னும் பானையின் வடிவை ஒத்திருந்ததால் அப்பெயரே நோய்க்கும் இடப்பட்டது. இதற்கு ஆளாவோரில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். பலர் சில வாரங்களில் நலமடைகின்றனர். சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. ‘நெஞ்சு வெடித்துவிட்டது’ என்று உலக வழக்கில் கூறுவது வெறும் அணி அன்று என்பதை இந்நோய் காட்டிற்று.

திடீர் அதிர்ச்சியைக் காட்டிலும் நாட்பட்ட வருத்தமே மிகுதியான தீங்கு செய்கிறது. இடையறாத கவலையில் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன, நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உறக்கம் கெடுகிறது. இவை உடலினுள் நிகழ்வன. வெளியே நிகழ்வன அவற்றினும் எளிதில் காணத்தக்கவை. மனம் சோர்ந்தவர் நடப்பதை நிறுத்துகிறார். சமைத்துண்ண மனமின்றிக் கிடைத்ததை உண்கிறார். விட்ட பீடியை மீண்டும் எடுக்கிறார். மாத்திரையை மறக்கிறார், அல்லது எதற்காக உண்ண வேண்டும் என்று கருதி விட்டுவிடுகிறார்.

1993ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேர் ஆராயப்பட்டனர். மனச்சோர்வு உற்றிருந்தவர்கள் முதல் ஆறு மாதங்களில் இறக்கும் அபாயம், இருதயச் சேதத்தின் அளவு முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னரும், மற்றவரைவிடச் சுமார் நான்கு மடங்காயிருந்தது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் வைத்தியம் பயின்ற சலீம் யூசுப் தலைமையில் இந்தியா உள்ளிட்ட 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆராய்ச்சி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுமார் 30,000 பேரை ஆராய்ந்த அது, மாரடைப்புக்கு இட்டுச் செல்லும் ஒன்பது காரணிகளைச் சுட்டியது. புகையிலை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றின் வரிசையிலேயே மன நெருக்கடியும் மனச்சோர்வும் இடம் பெற்றன.

மிகைப்படுத்துதல் வேண்டா

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உள்ளம் இருதயத்தைப் பாதிக்கிறது என்பது உண்மை. ஆகவே உள்ளத்தைத் தேற்றினால் மருந்தின்றி இருதயம் குணமாகும் என்பது உண்மையன்று. அமெரிக்காவில் மாரடைப்பு உற்ற 2,481 பேரைக் கொண்டு நடத்திய ‘என்ரிச்ட்’ ஆராய்ச்சியின் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மன ஆறுதல் சிகிச்சையால் அவர்களுடைய சோர்வு குறைந்தது. மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 நோயாளிகளிடையே யோகப் பயிற்சியைச் சோதித்த ஆராய்ச்சி 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிலும் மாரடைப்பு முதலிய பெருநிகழ்ச்சிகளில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் பயிற்சி பெற்றோர் தம் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தனர். முன்பு செய்து வந்த வேலைகளுக்கு நன்கு திரும்பினர்.

இம்முடிவுகள் ஏமாற்றம் அளிப்பனவல்ல. மனச்சோர்வு நீங்குதல் தன்னளவிலேயே ஒரு பெரும்பேறு. ஆயுள் நீண்டால்தான் அதற்கு மதிப்பு என்பதில்லை. அன்றியும், மருந்தும் ஆறுதலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கத் தக்கவையல்ல, இணைந்து நிற்க வேண்டியவை என்பதையே இவை கற்பிக்கின்றன.

இருவகைப் பிழைகள்

இவ்விணைப்பை உணராமையால் இல்லங்களில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. உடலின் நோயை மனத்தின் மீது ஏற்றுவது முதற்பிழை. முதியோருக்கும், பெண்டிருக்கும், நீரிழிவு உடையோருக்கும் மாரடைப்பு எப்பொழுதும் நெஞ்சைப் பிளக்கும் வலியாக வருவதில்லை. மூச்சுத் திணறல், காரணமற்ற களைப்பு, குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடையிலோ முதுகிலோ ஒரு வலி ஆகியவையே அறிகுறிகளாக அமையக்கூடும். ‘மகன் வெளியூர் சென்ற ஏக்கம்’ என்றும், ‘வாயுத் தொல்லை’ என்றும் கூறிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கும். இத்தகைய குறிகள் திடீரெனத் தோன்றினால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகே ஆராய்ச்சி என்பதை ஒவ்வொரு குடும்பமும் விதியாகக் கொள்ளல் வேண்டும்.

மனத்தின் நோயை வயதின் மீது ஏற்றுவது இரண்டாம் பிழை. பேச்சுக் குறைந்த பாட்டியை, ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார்’ என்று விட்டுவிடுகின்றனர். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. அது சிகிச்சைக்கு உட்படும் நோய். முதியோர் பலர் ‘எனக்கு வருத்தமாயிருக்கிறது’ என்று சொல்லும் வழக்கம் உடையவரல்லர். ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘பசியில்லை’, ‘உடம்பெல்லாம் வலி’ என்றே சொல்லுவர். கேட்பவர் காது உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே கேட்கப் பழகியிருந்தாலன்றி அச்சொற்களின் முழுப்பொருள் விளங்காது.

கோவாவும் நான்கு நகரங்களும்

ஒருங்கிணைந்த கவனிப்பு செல்வ நாடுகளுக்கே இயலும் என்று கருத வேண்டுவதில்லை. கோவாவில் அறுபது வயதைக் கடந்த, சிறிதளவு சோர்வின் அறிகுறிகள் தென்பட்ட 181 பேரிடையே ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ‘முதுமையில் மனச்சோர்வு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ‘தில்’ என்றே பெயரிட்டனர். வைத்தியப் பட்டம் பெறாத, உள்ளூரிலேயே பயிற்றுவிக்கப்பட்ட ஆலோசகர்கள் முதியோரின் இல்லங்களுக்குச் சென்றனர். அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கும் வழி, நல்லுறக்கத்திற்கான பழக்கங்கள், நீரிழிவு போன்ற நோய்களில் தம்மைத் தாமே பேணும் முறை, சர்க்கார் உதவிகளைப் பெறும் வழி ஆகிய நான்கையும் எடுத்துரைத்தனர். 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, ஓராண்டில் கடும் மனச்சோர்வுக்கு ஆளானோர் இவ்வுதவி பெற்றவருள் 4.4 விழுக்காடு, பெறாதவருள் 14.4 விழுக்காடு. நோய் வருமுன் காப்பதற்கு இதனினும் எளிய வழி காண்பது அரிது.

சென்னை, பெங்களூர், டில்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய 404 பேர் அதில் இருந்தனர். அவர் அனைவரும் முதியோரல்லர். ஒரு பிரிவினருக்கு, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் சேர்த்துக் கவனித்து வைத்தியருக்குத் தெரிவிக்கும் பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் சீர்பட்டோர் இரண்டாண்டு முடிவில் அப்பிரிவில் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 57.4 விழுக்காடு. உடலையும் உள்ளத்தையும் ஒரே ஆள் ஒருங்கே கவனித்ததன் பயன் இது.

செய்யத்தக்கன

மத்திய சர்க்கார் 1982இல் தேசிய மனநலத் திட்டத்தையும், 2010ஆம் ஆண்டளவில் இருதய நோய், நீரிழிவு ஆகியவற்றுக்கான திட்டத்தையும் முதியோர் நலத் திட்டத்தையும் தொடங்கியது. எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைச் செலவுக்குக் காப்பு அளிக்கும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்கன. எனினும், இருதயம் நின்றுபோகும் நாளில் உதவும் கை, அது களைத்துப்போகும் நாட்களிலும் உதவ வேண்டும்.

அதற்குப் புதிய இலாகா எதுவும் தேவையில்லை. முப்பது வயதைக் கடந்தோருக்கென ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்திலேயே இரண்டு வினாக்கள் இடம் பெற்றுள்ளன. கடந்த இரு வாரங்களில் எதிலும் ஈடுபாடின்றி இருந்ததுண்டா என்பது ஒன்று. மனம் தளர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்ததுண்டா என்பது மற்றொன்று. வினா உண்டு, வினவுவதற்குரிய நேரமும், விடையைக் கேட்டபின் செய்வதற்குரிய வழியுமே குறைவு. வீட்டு வாயிலில் நின்றுகொண்டு, மருமகளும் அண்டை வீட்டாரும் கேட்க, ஐந்து நொடியில் கேட்கப்படும் வினாவுக்கு எந்த முதியவரும் உண்மையை உரைக்கமாட்டார். படிவத்தில் ‘இல்லை’ என்று ஒரு குறி விழும்; அவ்வளவே.

ஆதலால் மூன்று காரியங்கள் செய்யத்தக்கன. முதலாவது, இரத்த அழுத்தம் அளக்கும் அன்றே, அளப்பவரே, முதியவரை அமரச் செய்து இவ்விரு வினாக்களையும் தனிமையில் கேட்டல். அழுத்தத்தைச் சரியாக அளப்பதற்கும் ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தல் அவசியமாதலின் நேரம் வீணாகாது. இரண்டாவது, கோவாவில் செய்தது போல ஆலோசகரை ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்றுவித்து, ‘ஆம்’ என்று விடை கூறியவரிடம் அனுப்புதல். மூன்றாவது, இப்பணிக்குத் தக்க ஊதியம் அளித்தல். ஆஷா பணியாளரின் சுமை ஏற்கெனவே மிகுதி. ஊதியமின்றி மேலும் ஒன்றை ஏற்றினால் அது மீண்டும் படிவத்தின் குறியாகவே முடியும்.

முதியோரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். வாரத்தில் 150 நிமிடம் நடத்தலும், உடல் சமநிலைக்கான பயிற்சியை மூன்று நாட்கள் செய்தலும் நன்று; நடப்பது துணையோடு ஆயின் இருவகை நெஞ்சுக்கும் நன்மை. புகையிலையை எவ்வடிவிலும் விடுதல் வேண்டும். உடம்பு நலமாயிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தலாகாது. நலமாயிருப்பதற்குக் காரணமே அம்மாத்திரையாகலாம். மனச்சோர்வுக்கு உதவி நாடுவோர்க்கு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசி எண் உண்டு. முதியோருக்கென 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 14567 என்னும் எண்ணும் உண்டு.

குடும்பத்தாரின் கடமை இவை எல்லாவற்றிலும் எளியது, எளியதாதலாலேயே தவறவிடப்படுவது. முதியவரை ஒரு மூலையில் அமர்த்தி, எல்லா வேலையினின்றும் விடுவிப்பதே அன்பு எனப் பலர் கருதுகின்றனர். வேலையற்ற நாள் முதியவருக்கு ஓய்வன்று. தாம் வேண்டப்படாதவர் என்னும் செய்தி. பேரக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருதலோ, கீரையை ஆய்தலோ, வரவு செலவுக் கணக்கை எழுதுதலோ, தம் வலிமைக்கு ஏற்ற ஒரு பொறுப்பு அவரிடம் இருத்தல் வேண்டும். துணையை இழந்தவரிடம் முதல் ஆறு மாதங்களில் மாத்திரைப் பெட்டியை நாள்தோறும் யாரேனும் ஒருவர் கவனித்தல் வேண்டும். அவருடன் அமர்ந்து உண்ணுதல் வேண்டும்.

முன்பு கண்ட முதியவர் அடுத்த மாதமும் சுகாதார நிலையத்திற்கு வருவார். கருவி மீண்டும் ஓர் எண்ணைக் காட்டும். அவ்வெண்ணை எழுதிக்கொண்ட கை, மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் நின்று, ‘இரவில் உறக்கம் வருகிறதா, ஐயா? வீட்டில் உடன் இருப்பவர் யார்?’ என்று கேட்குமாயின், சிகிச்சை அப்பொழுதே தொடங்கிவிடும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, அதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆளைத் தேடுவதா என்பதும் அவ்விடையிலிருந்தே வைத்தியருக்குத் தெரியவரும்.